இறந்தால் லட்சங்கள், இருக்கும்வரை பூஜ்யம்: இல்லத்தரசியின் உழைப்புக்குச் சட்டம் போடும் கணக்கு என்ன?

"வீட்டுலதான் இருக்காங்க, வேலைக்குப் போகலை." மனைவி என்ன செய்கிறார் என்று கேட்டால் பல வீடுகளில் வரும் பதில் இது. கூடவே ஒரு "சும்மாதான்" ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு.

இந்தப் பதில் தலைகீழாக மாறும் ஓர் இடம் இருக்கிறது. அதுதான் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். கோர்ட் வளாகத்தில் 'எம்.சி.ஓ.பி. கேஸ்' என்றால் இங்கே நடக்கும் வழக்கு என்று அர்த்தம். சாலை விபத்தில் இறந்த ஒரு பெண்ணின் குடும்பம் இழப்பீடு கேட்டு மனு போட்டால், முதலில் எழும் கேள்வி, "இறந்தவரின் மாத வருமானம் எவ்வளவு?" என்பதுதான். "அவருக்குத்தான் வருமானமே இல்லையே" என்பது இன்சூரன்ஸ் தரப்பின் வாதமாக இருக்கும். சமைத்தது, பிள்ளைகளைக் கிளப்பி ஸ்கூலுக்கு அனுப்பியது, மாமியாருக்கு வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்தது, மாசக் கடைசியில் செலவை இழுத்துப் பிடித்தது எல்லாமே வேலைதான், அதற்கு மதிப்பு உண்டு என்று கணவர் தரப்பு வாதாடும்.

இந்த வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு 20 ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆனால் அதே பெண் உயிரோடு இருந்து, விவாகரத்து கேட்டோ சொத்தில் பங்கு கேட்டோ வந்தால், இந்தக் கணக்கைப் போடச் சொல்லும் சட்டம் எதுவும் இங்கே இல்லை. ஏன் இப்படி?

மாதம் 3,000 ரூபாய்: கணக்கு தொடங்கிய இடம்

1989 மார்ச் 3. ஜாம்ஷெட்பூரில் டாடா ஸ்டீல் நிறுவனர் தின விழாவில் பெரும் தீ விபத்து. 60 பேர் இறந்தார்கள். அதில் குழந்தைகளும் பெண்களும் அதிகம். இறந்த பெண்களில் பலர் இல்லத்தரசிகள். அவர்களுக்கு எப்படி இழப்பீடு கணக்கிடுவது?

ஆண்டுக்கு 12,000, சிலருக்கு 10,000 என்று முதலில் மதிப்பு போடப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தபோது, இது மிகவும் குறைவு என்று சொன்ன நீதிபதிகள், 34 முதல் 59 வயது வரையிலான இல்லத்தரசிகளின் உழைப்பை மாதம் 3,000 ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். ஆண்டு 2001. லதா வாத்வா வழக்கு என்று சட்ட உலகில் சொல்லப்படும் இந்தத் தீர்ப்பு, அதற்குப் பின் வந்த ஏராளமான வழக்குகளில் மேற்கோள் காட்டப்பட்டது.

மோட்டார் வாகனச் சட்டம் வேறு ஒரு வழி வைத்திருந்தது. 1994-ல் சேர்க்கப்பட்ட இரண்டாவது அட்டவணைப்படி, சம்பாதிக்காத மனைவி இறந்தால், சம்பாதிக்கும் கணவரின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை அவருடைய வருமானமாக வைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் யோசித்தால் இதன் விநோதம் புரியும். கணவர் மேனேஜர் என்றால் மனைவி வைத்த சாம்பாரின் விலை ஏறும். கணவர் டெலிவரி வேலை பார்த்தால் அதே சாம்பாரின் விலை இறங்கும். அந்த அட்டவணை இப்போது சட்டத்தில் இல்லை.

இந்த மாத வருமானத் தொகை ஏன் இவ்வளவு முக்கியம்? இறந்தவர் 33 வயதுப் பெண், கணவரும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 2009-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி, ஆண்டு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை அவருடைய சொந்தச் செலவு என்று கழித்துவிட்டு, மீதியை 16-ஆல் பெருக்க வேண்டும். 31 முதல் 35 வயது வரை இறந்தவர்களுக்கான பெருக்கல் எண் அது. ஆக, மாத வருமானத்தில் நீதிபதி 1,000 ரூபாய் கூட்டினால் குடும்பத்துக்கு 1.28 லட்சம் கூடும், குறைத்தால் அவ்வளவும் போச்சு. இன்சூரன்ஸ் நிறுவனங்கள் 'சும்மா இருந்தார்' என்பதைப் பிடித்துக்கொண்டு வாதாடுவது சும்மா இல்லை.

சென்னை சொன்ன மூன்று வழிகள்

2009-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் எழுதிய ஒரு தீர்ப்பு இந்த விஷயத்தில் முக்கியமானது. தாயை இழந்த ஒரு சிறுமிக்கான இழப்பீட்டு வழக்கு அது. இல்லத்தரசியின் உழைப்பை மதிப்பிட மூன்று வழிகளை அந்தத் தீர்ப்பு விளக்கியது. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் அதை மேற்கோள் காட்டியது.

முதல் வழி: வீட்டில் இருக்காமல் வெளியே வேலைக்குப் போயிருந்தால் அவர் எவ்வளவு சம்பாதித்திருப்பார்? இதில் பி.இ. படித்த பெண் கழுவிய பாத்திரத்துக்கு ஒரு விலை, பத்தாவது படித்தவர் கழுவிய பாத்திரத்துக்கு வேறு விலை என்று ஆகிவிடும்.

இரண்டாவது வழி: திருமணம் என்பது சம பங்குதாரர்களின் கூட்டு. அதனால் கணவரின் சம்பளத்தில் பாதி மனைவியுடையது.

மூன்றாவது வழி: அவர் செய்த வேலைகளை ஆள் வைத்துச் செய்தால் எவ்வளவு ஆகும்? கேட்கும்போது இதுதான் நியாயமாகத் தெரியும். போட்டுப் பார்த்தால்தான் பிரச்னை தெரியும். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வுப்படி, வீட்டு வேலை செய்யும் பெண் அதற்குச் செலவிடும் நேரம் ஒரு நாளைக்கு சராசரியாக 289 நிமிடங்கள். 2018-ல் தமிழக அரசு வீட்டுப் பணியாளர்களுக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 37 ரூபாயில் தொடங்கியது. இரண்டையும் பெருக்கினால் நாளைக்கு 178 ரூபாய், மாதத்துக்கு ஏறக்குறைய 5,350 ரூபாய். குழந்தையையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேராது.

ஏன் இவ்வளவு குறைவு? வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு நாம் குறைவாகக் கொடுக்கிறோம் என்பதால்தான். "இது எல்லா பொம்பளைங்களும் செய்யறதுதானே" என்ற எண்ணம் முதலில் அவருடைய சம்பளத்தைக் குறைக்கிறது. பிறகு அந்தக் குறைந்த சம்பளமே இல்லத்தரசியின் உழைப்பை அளக்கும் அளவுகோலாகிறது.

பிச்சைக்காரர்களோடு ஒரே பட்டியலில்

சென்னைத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் மேற்கோள் காட்டியதாகச் சொன்ன 2010 வழக்கின் கதையைக் கேளுங்கள். விபத்தில் இறந்த ஒரு பெண்ணுக்கு, கணவரின் வருமானத்தை வைத்து 6 லட்சம் என்று தீர்ப்பாயமே கணக்குப் போட்டது. போட்டுவிட்டு, "அவர் உண்மையில் சம்பாதிக்கவில்லையே" என்று சொல்லி 2.5 லட்சமாகக் குறைத்துவிட்டது. உயர் நீதிமன்றமும் தலையிடவில்லை. உச்ச நீதிமன்றம்தான் 6 லட்சத்தைத் திரும்பக் கொடுத்தது.

அந்தத் தீர்ப்பில் நீதிபதி ஏ.கே. கங்குலி சுட்டிக்காட்டிய ஒரு விஷயம் அப்போது பெரிய செய்தியானது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், சமையல், குழந்தை வளர்ப்பு, தண்ணீர் பிடிப்பது, விறகு பொறுக்குவது என்று வீட்டு வேலை செய்யும் சுமார் 36 கோடிப் பெண்கள் 'வேலை செய்யாதவர்கள்' பிரிவில் வைக்கப்பட்டிருந்தார்கள். அதே பிரிவில் இருந்த மற்றவர்கள் பிச்சை எடுப்பவர்கள், பாலியல் தொழிலாளர்கள், சிறைக் கைதிகள். நாடாளுமன்றம் இதை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று அவர் எழுதினார்.

மத்திய அரசின் தொழிலாளர் ஆய்விலும் இதே சிக்கல் வேறு வடிவத்தில் இருக்கிறது. அதில் வீட்டு வேலை மட்டும் செய்பவருக்குக் குறியீடு 92. வீட்டு வேலையோடு விறகு, மாட்டுத்தீவனம் சேகரிப்பது, வீட்டுக்காகத் தைப்பது போன்றவற்றையும் செய்பவருக்கு 93. இரண்டுமே 'தொழிலாளர் படை'க்கு வெளியே. 2023-24 ஆய்வில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 78.8 சதவீதமும், பெண்களில் 41.7 சதவீதமும் தொழிலாளர் படையில் இருந்தார்கள். அந்த 41.7 சதவீதத்தையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். வேலையில் இருப்பதாகக் கணக்கில் வரும் பெண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல், குடும்பத்தின் வயலிலோ கடையிலோ சம்பளம் இல்லாமல் உதவுபவர்கள்.

அந்த 97 நிமிடங்களுக்குப் பின்னால்

2021 ஜனவரியில் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்த்த ஒரு வழக்கில், நீதிபதி என்.வி. ரமணா தனியாக எழுதிய பகுதி பரவலாகப் பகிரப்பட்டது. 2011 கணக்கெடுப்பில் வீட்டு வேலையே தன் முக்கியப் பணி என்று சொன்ன பெண்கள் ஏறக்குறைய 16 கோடி, ஆண்கள் 58 லட்சம் என்று அவர் எடுத்துக்காட்டினார். 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வையும் குறிப்பிட்டார். அதன்படி சம்பளமில்லா வீட்டு வேலைக்குப் பெண்கள் 299 நிமிடங்கள், ஆண்கள் 97 நிமிடங்கள்.

"ஒன்றரை மணி நேரமா? ஆண்கள் பரவாயில்லையே" என்று தோன்றுகிறதா? அந்தச் சராசரி, வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களுக்கு மட்டும் எடுக்கப்பட்டது. ஆய்வு நடந்த நாளில் அப்படிச் செய்தவர்கள் 100 ஆண்களில் 26 பேர். மீதி 74 பேர் ஒரு டம்ளரைக்கூடக் கழுவவில்லை. பெண்களில் 81 பேர் செய்திருந்தார்கள். இரு பாலரிலும் இது ஆறு வயதுக் குழந்தையிலிருந்து எல்லோரையும் சேர்த்த கணக்கு. 2024 ஆய்வில் ஆண்களின் நேரம் 88 நிமிடங்களாகக் குறைந்திருக்கிறது. வாஷிங் மெஷின் வந்தது காரணமா, ஸ்விக்கி காரணமா, வேறு ஏதாவதா என்று ஆய்வு சொல்லவில்லை.

இல்லத்தரசிகளின் மதிப்பைக் கணக்கிடும்போது, வருங்காலத்தில் வருமானம் உயர்ந்திருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. 2024 பிப்ரவரியில் இன்னொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், இல்லத்தரசியின் வருமானத்தைத் தினக்கூலித் தொழிலாளியின் கூலியைவிடக் குறைவாக வைக்கவே முடியாது என்று சொல்லி, 2.5 லட்சத்தை 6 லட்சமாக உயர்த்தியது. விபத்து நடந்தது 2006-ல். 18 வருஷம்!

இந்த இடத்தில் "அம்மாவோட அன்புக்கு விலை போடலாமா?" என்ற கேள்வி எப்போதும் வரும். போடலாமா என்பது இருக்கட்டும், நீதிமன்றம் ஏற்கெனவே இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. வாழ்க்கைத் துணையின் அன்பையும் அரவணைப்பையும் இழந்ததற்குத் தனித் தலைப்பு உண்டு. 2017-ல் அரசியல் சாசன அமர்வு அதற்கு நிர்ணயித்தது 40,000 ரூபாய். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 10 சதவீதம் கூடும். லட்சங்களில் வருவது முழுக்க உழைப்புக்கான கணக்கு.

சரி, உயிரோடு இருந்தால்?

இங்கேதான் கதை மாறுகிறது. இந்தியாவில் பெரும்பாலான தம்பதிகளுக்கு 'திருமணச் சொத்து' என்ற ஒன்று சட்டத்தில் கிடையாது. யார் பெயரில் பத்திரம் இருக்கிறதோ, சொத்து அவருடையது. போர்த்துகீசியர் காலச் சிவில் சட்டம் தொடரும் கோவா ஒரு விதிவிலக்கு. அங்கே, வேறு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளாத தம்பதிக்குச் சொத்து பொதுவானது.

தமிழ்நாடு 1989-லேயே மகள்களுக்குக் குடும்பச் சொத்தில் சம உரிமை கொடுத்த மாநிலம். நாடு முழுக்க அது வர 2005 ஆனது. ஆக, ஒரு பெண்ணுக்கு அப்பா வீட்டில் பங்கு உண்டு. 25 வருடம் சமைத்துப்போட்ட கணவர் வீட்டில், அவர் உயிரோடு இருக்கும்வரை பங்கு என்று ஒன்றும் இல்லை. ஜீவனாம்சம் கேட்கலாம். ஜீவனாம்ச வழக்குகளுக்கு 2020-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளில், குடும்பத்துக்காக மனைவி வேலையை விட்டதையும் கணக்கில் எடுக்கச் சொல்லியிருக்கிறது. ஆனால் ஜீவனாம்சம் என்பது பிழைப்புக்கான பணம். 'இது நானும் சேர்ந்து சம்பாதித்தது' என்ற உரிமை அதில் இல்லை.

அந்த உரிமையைப் பேசியது 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி அளித்த தீர்ப்பு. கணவர் பத்து வருடங்களுக்கு மேல் சவுதி அரேபியாவில் வேலை பார்த்தார். மனைவி ஊரில் பிள்ளைகளை வளர்த்தார், வீட்டைப் பார்த்துக்கொண்டார், அனுப்பிய பணத்தில் சொத்து சேர்ந்தது. 1994-ல் திரும்பி வந்த கணவர், "எல்லாம் என் பணத்தில் வாங்கியது" என்று வழக்கு போட்டார். வழக்கு நடக்கும்போதே அவர் இறந்துவிட, பிள்ளைகள் தொடர்ந்தார்கள்.

கணவர் எட்டு மணி நேர வேலை பார்த்திருக்கலாம், மனைவி பார்த்தது விடுமுறையே இல்லாத 24 மணி நேர வேலை என்றார் நீதிபதி. மேனேஜர், சமையல்காரர், வீட்டு டாக்டர், நிதி நிர்வாகி எல்லாம் அவர்தான். அவர் வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் நிம்மதியாகச் சம்பாதிக்க முடிந்தது. எனவே அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்குச் சரிபாதி. இப்படிப்பட்ட பங்களிப்பை அங்கீகரிக்கச் சட்டம் இல்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டார். அங்கீகரிக்கக் கூடாது என்று தடுக்கும் சட்டமும் இல்லை என்றார்.

வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய எத்தனையோ ஊர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. ஆனால் இது ஒரு தனி நீதிபதி, குறிப்பிட்ட சொத்துகள் பற்றிய ஒரு வழக்கில் சொன்னது. நாளைக்கு விவாகரத்து கேட்டுப் போகும் எல்லோருக்கும் பாதிச் சொத்து தானாகக் கிடைத்துவிடாது.

சட்டமே கொண்டுவர ஒரு முயற்சி நடந்தது. விவாகரத்தின்போது கணவரின் சொத்தில் மனைவிக்குப் பங்கு கொடுக்க வழிசெய்யும் திருமணச் சட்டத் திருத்த மசோதா 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் நிறைவேறுவதற்குள் 2014-ல் அவை கலைந்தது. மசோதாவும் காலாவதியானது. பெரிய எதிர்ப்பில் தோற்றிருந்தால்கூட யாராவது ஞாபகம் வைத்திருப்பார்கள்.

1,000 ரூபாய் சம்பளமா?

2021 தேர்தலுக்கு முன் தமிழ்நாட்டில் இது அரசியல் பேச்சானது. இல்லத்தரசிகளுக்கு ஊதியம் என்று மக்கள் நீதி மய்யம் தொடங்கிவைக்க, தி.மு.க. 1,000 ரூபாய், அ.தி.மு.க. 1,500 ரூபாய் என்று வாக்குறுதிகள் வந்தன. 2023 செப்டம்பர் 15-ல் ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு 'கலைஞர் மகளிர் உரிமைத் தொகை' தொடங்கியது. உதவித் தொகை என்று சொல்லாமல் உரிமை என்று பெயர் வைத்தது கவனிக்க வேண்டியது. பெண்ணின் சொந்த வங்கிக் கணக்குக்குப் பணம் போவது அதைவிட முக்கியம்.

ஆனால் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், கரண்ட் பயன்பாடு ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்றெல்லாம் நிபந்தனைகள் இருந்தன. உழைப்புக்கான அங்கீகாரம் என்றால் கரண்ட் பில்லை ஏன் பார்க்க வேண்டும்? அப்படிப் பார்த்தால் இது நலத்திட்டம். நல்ல நலத்திட்டம். வீட்டு வேலைக்கான சம்பளம் என்று சொன்னால் மட்டும் கணக்கு இடிக்கும்.

நிபந்தனைகளுக்கு வெளியே நிற்கும் நடுத்தரக் குடும்பங்களில் பிரச்னை வேறு மாதிரி. இருவரும் ஐ.டி. வேலை, ஒரே மாதிரி சம்பளம், குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2017 திருத்தத்துக்குப் பின் தாய்க்கு 26 வாரச் சம்பளத்துடன் விடுமுறை. தனியார் நிறுவனத்தில் தந்தைக்குச் சட்டப்படி ஒரு நாள்கூட கிடையாது. மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள். யார் குழந்தையைப் பார்த்துக்கொள்வது என்பதைச் சட்டமே பாதி முடிவு செய்துவிடுகிறது. சம்பள இடைவெளியின் பெரும்பகுதி முதல் குழந்தை பிறந்த பிறகுதான் தொடங்குகிறது என்று அமெரிக்கத் தரவுகளை வைத்துக் காட்டியவர் கிளாடியா கோல்டின். 2023-ல் பொருளாதார நோபல் பரிசு அவருக்குத்தான்.

மனைவி "ரெண்டு வருஷம் பிரேக்" எடுக்கிறார். அது நீள்கிறது. அவருடைய பி.எஃப். அந்த இடத்திலேயே நிற்கிறது. வீட்டுக்கடனுக்கு பேங்க் சாலரி ஸ்லிப் கேட்பதால் கடன் கணவர் பெயரில், பல நேரம் பத்திரமும் அவர் பெயரில் மட்டும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் பத்து வருடம் கழித்து, காகிதத்தில் ஒருவரிடம் எல்லாமும் மற்றவரிடம் ஒன்றுமில்லாமலும் இருக்கும்.

இப்போதைக்குக் கையில் இருக்கும் வழிகள் சிறியவை. வீடு வாங்கும்போது இருவர் பெயரிலும் பதிவு செய்யலாம். கடன் ஒருவர் பெயரில் இருந்தாலும், பத்திரத்தில் இருவர் பெயரும் வர முடியுமா என்று பேங்கில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் சலுகை உண்டு. மனைவி வேலையை விடுவது என்று இருவரும் சேர்ந்து முடிவெடுத்தால், அவர் பெயரில் மாதாமாதம் ஒரு சேமிப்பு போடுவதையும் அதே நாளில் முடிவு செய்யலாம்.

"நாமினியா அவ பேரைத்தானே போட்டிருக்கேன்" என்பது பலர் சொல்லும் சமாதானம். நாமினி என்பவர் பொதுவாகப் பணத்தை வாங்கும் பொறுப்பாளர், உரிமையாளர் அல்ல. ஷேர், மியூச்சுவல் ஃபண்ட் முதலீடுகள் விஷயத்தில் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதை மறுபடியும் உறுதி செய்தது. உயில் இல்லாமல் கணவர் இறந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், கணவரின் தாய் ஆகியோருக்கு அவருடைய சொத்து சமமாகப் பிரியும். இரண்டு பிள்ளைகளும் மாமியாரும் இருக்கும் வீட்டில், மனைவிக்கு வருவது கால் பங்கு.